தண்ணி ஊசி போட்ட மாடு

சரோஜாவின் மாடு வலது காதை ஆட்டிக்கொண்டே இருந்தது. ஈ உட்கார்ந்தால் மாடு ஆட்டுவது வேறு மாதிரி. இது தலையைச் சற்றே சாய்த்து, நிறுத்தி நிறுத்தி ஆட்டியது.

டாக்டர் வசுந்தரா குனிந்து, காது மடலை இரண்டு விரல்களால் விரித்துப் பார்த்தார். உட்புறத்தில், மயிர் குறைந்த இடத்தில், நாவல் கொட்டை அளவில் ஒரு கட்டி. அதன் மேல் காய்ந்த பொருக்கு. சுற்றிலும் ஆறிப்போன சில கீறல்கள்.

“முள்ளு கீசிருக்கும் மேடம். வேலிப் பக்கம் மேயுது,” என்றாள் சரோஜா.

டாக்டர் காதை விட்டு நிமிர்ந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, கைபேசியோடு புளியமரத்துப் பக்கம் போனார். திருப்பதியில் இருக்கும் தன் ஆய்வுக்கூடத்தை அழைத்து, மாட்டின் காது வில்லையில் இருந்த எண்ணைத் தெலுங்கில் இரண்டு முறை சொன்னார். பிறகு காத்திருந்தார். நான் சற்றுத் தள்ளி நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தியாளர் வேலையில் பாதி, அடுத்தவர் தொலைபேசியில் கேட்கும் செய்தியை அவர் முகத்தில் படிப்பதுதான்.

“நீள்ளா?” என்றார். தெலுங்கில் அப்படியென்றால் “தண்ணியா?” என்று பொருள்.

கைபேசியை அணைத்தார். திரும்பி வந்து, புதிய கையுறை மாட்டி, கட்டியின் மேலிருந்த பொருக்கைச் சிறு குப்பியில் சுரண்டி எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த வீட்டுக் கன்னியம்மா வழக்கம்போல மோர் கொண்டுவந்தாள். அவள் மோரில் எப்போதும் கடுகும் கறிவேப்பிலையும் மிதக்கும். டாக்டருக்குக் கடுகு பிடிக்காது. டம்ளர் விளிம்பில் வாய் வைத்து, கடுகை ஒரு பக்கமாக ஊதி ஒதுக்கிவிட்டுத்தான் குடிப்பார். அன்று ஊத வேண்டியிருக்கவில்லை. வெறும் மோர். நான் அதைக் கவனித்தேன். கவனித்ததோடு சரி, யோசிக்கவில்லை.

லம்பி வந்த வருஷம்

தமிழக எல்லையை ஒட்டி, ஆந்திரத்தின் நாகலாபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத ஒரு சிற்றூர் அது. பெயர் போட வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள். மண்டல அலுவலகத்திலும் சந்தையிலும் தெலுங்கு, கொட்டகையில் தமிழ்.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே மாடுகளுக்கு அம்மை வந்தது. எங்கள் நாளிதழ் அதைத் தோல் கழலை நோய் என்று எழுதியது. தெலுங்கு நாளிதழ்கள் முத்த சர்ம வியாதி என்றன. ஊரில் எல்லோரும் லம்பி என்றார்கள். அந்த வருஷம் நான் சத்தியவேடு, நாகலாபுரம், புத்தூர் என்று சுற்றினேன். மாட்டின் முதுகைத் தடவினால் சாக்குப் பைக்குள் புளியங்கொட்டையைத் தடவுவது போல இருக்கும். கால் வீங்கும். பால் வற்றும். சில மாடுகள் எழுந்திருக்கவே இல்லை.

சரோஜாவிடம் அப்போது ஒரு சிவலை மாடு இருந்தது. அதைத் தென்னந்தோப்பு ஓரம் குழி வெட்டிப் புதைத்தார்கள். பால் ஊற்றும் நிலையத்துக்கு அவள் தூக்குவாளியோடு போவது அத்தோடு நின்றது. இப்போது கொட்டகையில் நிற்கும் கறுப்பு மாடு அதற்குப் பிறகு வாங்கியது. நான் சொல்லும் நாளில் அது சினையாக இருந்தது.

அந்த வருஷம் நோய்க்கென்று தனி ஊசி கைக்கு வந்திருக்கவில்லை. ஆட்டம்மைக்கான ஊசியைத்தான் மாடுகளுக்குப் போட்டார்கள். இரண்டு கிருமிகளும் பங்காளிகள் என்பதால் ஓரளவு தாங்கும். இதை நான் எழுதி அனுப்பியபோது சென்னையில் இருந்த செய்தி ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்:

“மாட்டுக்கு எதுக்குய்யா ஆட்டு ஊசி? தட்டச்சுப் பிழையா?”

“இல்ல சார். நெஜம்.”

“அப்ப தலைப்பே அதுதான்.”

போட்டார். மறுநாள் இரண்டு கிராமங்களில் மக்கள் ஊசி வேண்டாம் என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தலைப்பு போடுகிறவர்களுக்குக் கொட்டகை தெரியாது என்பதை இந்த வார இதழ்த் தொடரில் முன்பும் ஓரிரு முறை சொல்லியிருக்கிறேன். இன்னொரு முறையும் சொல்லலாம்.

மாட்டுக்கு வந்தாலும் அம்மை அம்மைதான் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அம்மன் கங்கம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பார்கள். வந்தவள் கிளம்பும்வரை கொட்டகை வாசலில் வேப்பிலை தொங்கும். அந்த வீட்டில் கறி சமைக்க மாட்டார்கள். எண்ணெய் காய வைத்துக் கடுகு தாளிக்க மாட்டார்கள். தாளிக்கும் நெடி அவளுக்கு ஆகாது. லம்பி வந்த வருஷம் மாலை நேரங்களில் அந்தத் தெருவில் நடந்தால், அடுப்புப் புகை இருக்கும், தாளிக்கும் வாசனை இருக்காது. எந்த வீட்டில் நோய் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஏர் பிடிக்க மறந்தவன்

டாக்டர் வசுந்தராவை அந்தச் சமயத்தில்தான் சந்தித்தேன். சித்தூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, வேலூரில் படித்ததால் நல்ல தமிழ். எல்லோரும் முகக்கவசத்தோடு நடமாடிய காலத்தில், செத்துப்போன ஒரு மாட்டின் தோலிலிருந்து கிருமியை எடுத்து, அதைப் பலவீனமாக்கும் வேலையைத் தொடங்கியிருந்தார்.

ஒருநாள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினார். உள்ளே ஸ்பிரிட் வாடை. கதகதப்பான ஓர் அலமாரியில் தட்டையான குடுவைகள். அவற்றில் ரோஸ் மில்க் நிறத்தில் ஏதோ திரவம். அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உயிருள்ள செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் கிருமியை வளர்ப்பார்கள். வளர்ந்ததை எடுத்து அடுத்த குடுவைக்கு மாற்றுவார்கள். அங்கே வளர்ந்ததை அடுத்ததற்கு. மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாட்டையே பார்க்காமல் குடுவைக்குள்ளேயே வாழும் கிருமி, மெல்ல மெல்ல மாட்டை வாட்டும் திறமையை இழந்துவிடும்.

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில வேலைக்குச் சேந்த பையனை நெனச்சுக்கோங்க சார். ரொம்ப வருஷம் ஏசி ஹால்லயே இருந்தவன். அவனைக் கொண்டுவந்து கழனியில இறக்கி விடுங்க. சேறு ஞாபகம் இருக்கும், வரப்பு ஞாபகம் இருக்கும். ஏர் புடிக்க வராது. ஆனா ஊர்ல எல்லாருக்கும் அவன் மூஞ்சி தெரியும்.”

“மூஞ்சி தெரிஞ்சா?”

“அதுதான் தடுப்பூசி. மாட்டோட உடம்பு அந்த மூஞ்சியப் பாத்து வச்சுக்கும். நாளைக்கு அவன் அண்ணன் அரிவாளோட வந்தா, வாசல்லயே புடிச்சுடும்.”

“அவனுக்கே ஏர் புடிக்கிறது மறுபடி ஞாபகம் வந்துட்டா?”

டாக்டர் குடுவையை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். “அதுதான் சார் எனக்குத் தூக்கம் வராத விஷயம்,” என்றார்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். பலவீனமான கிருமி ஊசி போட்ட மாட்டுக்குள்ளேயே இருந்து, உடம்புக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு அடங்கிவிட வேண்டும். அது தானாக அடுத்த மாட்டுக்குத் தாவினால், அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் மறந்த வித்தையை மீண்டும் கற்கலாம். அப்படிப் பரவுகிறது என்று தெரிந்தால், அந்தத் தடுப்பூசியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அத்தனை குடுவைகளும் வீண்.

இதைச் சோதிக்கத்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதி மாடுகளுக்கு மருந்து. பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்த மாட்டுக்கு எது என்று ஊசி போடுகிற டாக்டருக்கே தெரியாது. அது ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். சோதனை முடிந்ததும் தண்ணீர் போட்ட மாடுகளுக்கும் மருந்து போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நடுவில் மாட்டுக்கு வேறு எதுவும் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. முடிகிறவரை எழுதுவதில்லை என்ற நிபந்தனையோடு என்னையும் கூட வர அனுமதித்தார்.

இப்போது, தண்ணீர் மட்டும் போட்ட மாட்டின் காதில் கட்டி.

இரண்டு வழிகள்

ஊர் நோய் எங்கிருந்தாவது வந்து ஒட்டியிருக்கலாம். அது சரோஜாவுக்குக் கெட்ட செய்தி, தடுப்பூசியின் மேல் பழியில்லை. அல்லது பலவீனமாக்கிய கிருமியே பக்கத்துக் கொட்டகையிலிருந்து தாவியிருக்கலாம். கன்னியம்மாவின் மாட்டுக்கும் சரோஜாவின் மாட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான்.

ஊர்க் கிருமியையும் குடுவைக் கிருமியையும் பிரித்துக் காட்டும் சோதனை இருக்கிறது. முடிவு வந்த அன்று டாக்டர் என்னை அழைத்தார். குரல் செய்தி வாசிப்பது போல இருந்தது.

“நம்ம கிருமிதான் சார்.”

அன்று மதியமே செய்தி ஆசிரியரும் அழைத்தார். எங்கிருந்தோ காற்றுவாக்கில் அவர் காதுக்குப் போயிருந்தது. “தடுப்பூசியால் பரவும் நோய்னு ஒரு தகவல் வருதே. நீ அங்கதானே சுத்தற? சாயந்திரத்துக்குள்ள கொடு.”

“ஒரு மாட்டுக்கு ஒரு கட்டி சார். ஏன்னு தெரியல.”

“ஏன்னு நாளைக்குப் போடலாம்.”

தெரிந்த பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் கோபத்தில் ஏதோ சொன்னார். அதை இந்த வார இதழில் அச்சிட மாட்டார்கள்.

டாக்டரின் வண்டியில் கிளம்பினோம். வழக்கமாக வழியெல்லாம் பேசிக்கொண்டு வருபவர், புத்தூர் தாண்டும்வரை வண்டியை விரட்டுவதிலேயே குறியாக இருந்தார். பிறகு, “சோதனையை நிறுத்தச் சொல்லி நானே எழுதிக் கொடுத்துடுவேன் சார். அடுத்தவங்க சொல்லி நிறுத்தக் கூடாது,” என்றார்.

வெறும் மோர்

சரோஜாவின் மாடு நன்றாகத் தின்றுகொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை. டாக்டர் அதன் உடம்பு முழுக்க, வாலடி வரை, கையால் தடவிப் பார்த்தார். வேறெங்கும் கட்டி இல்லை.

“எங்கயும் இல்ல. காதுல மட்டும் எப்படி?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சரோஜா எங்களைத் தன் வீட்டில் சாப்பிடச் சொன்னாள். சோறும் பருப்பும். பருப்பில் தாளிப்பு இல்லை. அதில் வியப்பில்லை. அவள் கொட்டகையில் வேப்பிலை தொங்குகிறது, மாட்டுக்குக் கட்டி வந்திருக்கிறது.

கன்னியம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே டம்ளர்களை நீட்டினாள். அவள் சரோஜாவின் கணவனுக்கு மூத்த அக்கா. கணவனை இழந்து, பிறந்த ஊருக்கே வந்து, தம்பி வீட்டை ஒட்டித் தனி வீடு போட்டு இருப்பவள். டம்ளரில் வெறும் மோர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் மாடு நன்றாக இருக்கிறது. அவள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை.

“ஏம்மா, உங்க வூட்லயும் தாளிக்கலையா?” என்றேன்.

கன்னியம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள். “எண்ணெ தீந்து போச்சி சார்.”

“போன தடவை வந்தப்பவும் வெறும் மோருதான்.”

“அப்பவும் தீந்து போச்சி.”

சரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் பிடித்திருந்த கரண்டியோடு திரும்பி நின்றுகொண்டாள். முதுகு குலுங்கியது.

“இன்னாடி சிரிப்பு? அறிவு கீதா ஒனக்கு?” என்றாள் கன்னியம்மா.

“நீதான் அண்ணி காட்டிக் குடுத்துட்ட. நான் முள்ளு கீசிச்சின்னு எவ்ளோ அழகா சொல்லிக்கினு வந்தேன். உன் மோரு எல்லாத்தையும் சொல்லிடுச்சி.”

டாக்டர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். “என்ன செஞ்சீங்க?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“திட்டக் கூடாது மேடம்,” என்றாள் சரோஜா.

“திட்டல. செப்பு.”

சரோஜா சொன்னாள். ஊசி போட்ட பிறகு தெருவில் எல்லோரும் மாடுகளின் கழுத்தைத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். சில மாடுகளுக்கு ஊசி போட்ட இடத்தில் வீங்கியிருந்தது. சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. வீங்கினது மருந்து, வீங்காதது தண்ணி என்று ஊரே பிரித்துவிட்டது.

“அண்ணி மாட்டுக்கு நெல்லிக்கா மாதிரி வீங்கிச்சி. என் மாட்டுக்குத் தடவித் தடவிப் பாக்கறேன், ஒண்ணியும் இல்ல. ஒரே குடும்பத்துல அவங்களுக்கு மருந்து, எனக்குத் தண்ணியா? ஏற்கெனவே ஒண்ண மண்ணுல போட்டவ நான். இது செனை மாடு. எல்லாம் முடிஞ்சப்புறம் போடறேன்னீங்க. அது வரைக்கும் லம்பி காத்துக்கினு இருக்குமா?”

“அதனால?”

“எங்க நைனா ஆடு மேய்ச்சவரு மேடம். ஆட்டுக்கு அம்மை வந்தா, லேசா வந்த ஆட்டோட பொருக்க எடுத்து, மத்த ஆட்டுக் காதுல கீறித் தேய்ச்சி வுடுவாரு. லேசா வந்துட்டுப் போய்டும், அப்புறம் வராதும்பாரு. அண்ணி மாட்டு வீக்கத்துமேல பொருக்கு காஞ்சிருந்திச்சி. அதான்…”

“நீ தேய்ச்சியா?”

“நான் காதைப் புடிச்சிக்கினேன். அண்ணிதான் தேய்ச்சாங்க.”

கன்னியம்மா சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் முன் நின்றாள். குற்றம் விசாரிக்கப்படுகிறவளைப் போல இல்லை, சாட்சி சொல்ல வந்தவளைப் போல நின்றாள்.

“ஆமாம் மேடம், நான்தான். அம்மன என் கொட்டாயிலேர்ந்து கையில எடுத்துக்கினு போயி இவ கொட்டாயில வுட்டவ நான். கூட்டிக்கினு போனவ வூட்லயே கடுகு வெடிச்சா அவ கோச்சிக்க மாட்டாளா? அதான் தாளிக்கல. நாக்கு செத்துப் போச்சி மேடம்.”

டாக்டர் எழுந்து கொட்டகைக்குப் போனார். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை. இடது கையால் காதை விரித்து, அந்தக் கீறல்களை மறுபடி பார்த்தார். ஒரே நீளத்தில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருந்தன. முள் அப்படிக் கீறாது.

பிறகு மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். தோள் அசைந்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன். கிட்டே போனால், சிரித்துக்கொண்டிருந்தார்.

“தானா தாவல சார். கூட்டிக்கினு போயிருக்காங்க.”

மற்ற மாடுகள்

நான் உடனே செய்தி எழுதிவிடவில்லை. டாக்டரும் உடனே நம்பிவிடவில்லை. சொன்னது உண்மையானால், தேய்க்காத மற்ற தண்ணீர் மாடுகளில் அந்தக் கிருமியின் சுவடே இருக்கக் கூடாது. எல்லாவற்றிலும் ரத்தம் எடுத்தார். எடுக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் காதைத் திருப்பிப் பார்த்தார். நல்லவேளை, ஊரில் நாத்தனாரோடு இவ்வளவு ஒற்றுமையாக வேறு யாரும் இல்லை.

இடைப்பட்ட நாட்களில் செய்தி ஆசிரியர் என் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். அது ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை, நான் திருப்பதி பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லிக்காக நின்றுகொண்டிருந்தபோது டாக்டர் அழைத்தார். சுற்றிலும் மொட்டைத் தலைகள், திருமலையிலிருந்து இறங்கியவர்களின் சந்தன வாசனை, நடத்துநர்களின் கூச்சல். அந்த இரைச்சலிலும் அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“எல்லாம் சுத்தம் சார். ஒண்ணுல கூட இல்ல.”

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றேன். கேட்காததால் அல்ல.

இன்னொரு செய்தியும் சொன்னார். சரோஜாவின் மாட்டுக் காதிலிருந்து எடுத்த கிருமியின் மரபணுவை வரிவரியாகப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் போயும், அது பழைய வித்தை எதையும் மீண்டும் கற்றிருக்கவில்லை. ஒரு மாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, இதைக் கணக்கில் சேர்க்கவும் முடியாது என்று அவரே சொன்னார். ஆனாலும் அவர் குரலில் பழைய வேகம் வந்திருந்தது.

கடுகு

அடுத்த முறை நாங்கள் ஊருக்குப் போனபோது சரோஜாவின் மாட்டுக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மன் கிளம்பிவிட்டாள் என்று பொருள். காதில் கட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. மாடு ஈரத்தோடு உடம்பைச் சிலிர்த்து எங்கள் மேல் தெளித்தது.

சரோஜா சற்றுத் தயங்கித்தான் டாக்டர் அருகில் வந்தாள்.

“மேடம், என் மாட்ட கணக்குலேர்ந்து எடுத்துட்டீங்களாமே.”

“எடுக்காம? அது மருந்து மாடும் இல்ல, தண்ணி மாடும் இல்ல. அதை எங்க எழுதறது?”

“அப்ப எனக்கு ஊசி போட மாட்டீங்களா?”

“கன்னு போடட்டும். அப்புறம் தாய்க்கு என்ன வேணும்னு பாத்துட்டு, கன்னுக்கும் காலம் வரும்போது நானே வந்து போடறேன்.”

“தண்ணி இல்லியே?”

“தண்ணி இல்லம்மா.”

“இவளுக்குப் போடும்போது என் கண்ணு முன்னால போடுங்க மேடம்,” என்றாள் கன்னியம்மா உள்ளேயிருந்து. “இல்லன்னா திரும்பவும் என் மாட்டச் சொரண்ட வந்துடுவா.”

“சொரண்டினது யாரு, நானா நீயா அண்ணி?”

சுவருக்கு இரண்டு பக்கமும் எண்ணெய் காய்ந்தது. முதலில் கன்னியம்மா வீட்டில் கடுகு வெடித்தது. அது அடங்குவதற்குள் சரோஜா வீட்டிலும் வெடித்தது. பெருங்காய நெடி கொட்டகை வரை வந்தது. தும்மல் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

கன்னியம்மா மோர் கொண்டுவந்தாள். மேலே கறிவேப்பிலை, பச்சை மிளகாய்த் துண்டு, கறுப்பாக ஒரு கரண்டிக் கடுகு. இத்தனை நாள் விட்டதையெல்லாம் சேர்த்துப் போட்டுவிட்டாள் என்று தோன்றியது.

டாக்டர் டம்ளரை வாங்கினார். விளிம்பில் வாயை வைத்தார். ஊதி ஒதுக்குவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஊதவில்லை. கடுகோடு சேர்த்து அப்படியே குடித்து, டம்ளரை மறுபடி நீட்டினார்.